பந்து போன பிறகு

பனிமய மாதா துணை

தூத்துக்குடி,
அக்டோபர் 19.

அன்புள்ள அத்தான் அவர்களுக்கு,

ஜெஸ்லின் எழுதுவது. நானும் மாமியும் இருக்கிறோம். நீங்களும் கப்பலில் உள்ளவர்களும் சுகமாகக் கரை சேர மாதாவிடம் கேட்டுக்கொண்டுதான் பேனாவை எடுத்தேன்.

கல்யாணமாகிப் பதினொரு வருடத்தில் உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. வாட்ஸ்அப்பில் எழுதினால் பாதி படிக்கும்போதே கூப்பிடுவீர்கள். கூப்பிட்டால் எனக்குப் பேச வராது. நம் தெரு ஷாம் வருகிற செவ்வாய்க்கிழமை கொழும்பில் உங்கள் கப்பலில் ஏறுகிறான். அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கூடவே இரண்டு டப்பா மக்ரூன் இருக்கிறது. இன்ஜின் ரூம் பையன்களுக்கும் கொடுங்கள்.

மாமிக்குக் கால் சுண்டுவிரல் எடுத்த புண் ஆறி வருகிறது. தினமும் காலையில் பள்ளிக்கூடம் கிளம்புமுன் நான்தான் கட்டு மாற்றுகிறேன். சர்க்கரை இன்னும் இருநூற்று நாற்பதில் நிற்கிறது. சொன்னால் கேட்பதில்லை. நான் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து எதிர்வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி பன் வாங்கித் தின்றிருக்கிறார்கள். போன டிசம்பர் வெள்ளத்தில் ஊறிய பின்சுவர் மறுபடி உப்புப் பூத்துவிட்டது. இந்த மழைக்கு முன்னால் பூசியாக வேண்டும். காலாண்டு விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டேன்.

மாத முடிவில் நீங்கள் இறங்கப்போவதை மாமி நாள் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். "ஏளா, அவன் வாரான்னா சீலா மீனுக்கு இப்பமே சொல்லி வையி. கடைசி நேரத்துல சுணங்கிராத" என்று நேற்றும் சொன்னார்கள். சுணங்குவது என்ற சொல்லை என்னிடம் சொல்லும்போது அவர்கள் ஒரு நொடி நிறுத்தி என் முகத்தைப் பார்ப்பார்கள். உங்களுக்குத் தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை என்னோடு வேலை பார்க்கும் செல்வராணி டீச்சர் மாமியைப் பார்க்க வந்தாள். முதல் தடவை வருகிறாள். சுவரில் ஜோவிட்டாவின் படத்தைப் பார்த்து யார் என்று கேட்டாள். நான் அடுப்படியில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மாமி சொன்னது எனக்குக் கேட்கட்டும் என்றே சொன்னார்கள். "எம் பேத்தி. நாலு வயசு. டெங்கு. தாய்க்காரி சுணங்குனா, பிள்ள போச்சு. எம்மவன் கப்பல்ல கெடந்து துடிச்சான். ஆபீசுக்கு ஒரு போன் போட்டிருந்தா கப்பலுக்குச் சொல்லியிருப்பான். அதுகூடப் படிச்ச பொம்பளைக்குத் தெரியல." செல்வராணி டீயைக் குடிக்காமலே எழுந்து போனாள். இந்த ஆறு வருடத்தில் நம் வீட்டுக்கு வந்து போன எல்லாருக்கும் மாமி இதைச் சொல்லியாகிவிட்டது. நான் ஒரு தடவைகூட மறுத்ததில்லை. நானும் அதைத்தான் நம்பினேன்.

இனி கோல்ஃப் விஷயம்.

உங்களுடைய பழைய டேப்லெட்டை மே மாதம் வீட்டில் விட்டுப் போனீர்கள். அதில் உங்கள் கோல்ஃப் குழுவில் யார் எழுதினாலும் மணி அடிக்கும். எழுநூறு பேர் இருக்கிற குழுவில் எல்லாரும் உங்களை 'சீஃப்' என்றுதான் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஒரு நாள் நீங்கள் எழுதியிருந்ததைப் படித்தேன். பந்தில் மட்டை படும் நேரத்தில் கையை இறுக்கிப் பிடித்துத் தள்ள வேண்டும், அப்போது உடம்பின் எடை முழுவதும் பந்துக்குப் போய்ச் சேரும், அதனால்தான் பந்து தூரம் போகிறது என்று நீளமாக விளக்கியிருந்தீர்கள். நூறு பேர் கைதட்டியிருந்தார்கள்.

அது தப்பு, அத்தான். பதினோராம் வகுப்பில் உந்தம் நடத்தும் எனக்கு அது தப்பு என்று உடனே தெரிந்தது. மட்டையும் பந்தும் தொட்டுக்கொண்டிருப்பது ஒரு நொடியை இரண்டாயிரமாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு நேரம்தான். அவ்வளவு குறைந்த நேரத்தில் கை தள்ளுவது தண்டு வழியாக மட்டையின் தலைக்குப் போய்ச் சேர்ந்து எதையும் மாற்ற முடியாது. மட்டையின் தலை தனியாகக் கழன்று பறந்து வந்து அடித்தாலும் பந்து ஏறக்குறைய அதே தூரம்தான் போகும். கை செய்ய வேண்டியதை எல்லாம் அதற்கு முன்பே செய்து முடித்திருக்கும். அன்று சாயங்காலம் நீங்கள் கூப்பிட்டபோது ஆசையாகத்தான் இதைச் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள். "ஏளா, நீ போர்டுல எழுதுத பிசிக்ஸ் வேற, இது வேற. நீ கேரம் ஆடு" என்று சொல்லிவிட்டு, மாமியிடம் போனைக் கொடுக்கச் சொன்னீர்கள்.

அந்த வாரம்தான் சிவபாலன் என்ற பெயரில் அந்தக் குழுவில் சேர்ந்தேன்.

ஆமாம். நான்கு மாதமாக நீங்கள் இரவும் பகலும் சண்டை போட்ட சிவபாலன் நான்தான். இந்த வரியை இரண்டு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

முதலில் விளையாட்டாகத்தான் தொடங்கினேன். ஆண் பெயர் போட்டால் நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று பார்க்க நினைத்தேன். மரியாதையாகக் கணக்குப் போட்டுக் காட்டினேன். பத்துக் கிலோ விசையோடு கை தள்ளினாலும் அந்த நேரத்துக்குள் அது கொடுக்கும் உந்தம், மட்டையின் தலை ஏற்கெனவே கொண்டுவருவதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை என்று எழுதினேன். நீங்கள் கணக்குக்குப் பதில் சொல்லவில்லை. "தம்பி எத்தனை தடவை கோல்ஃப் மட்டையைத் தொட்டிருக்கிறார்?" என்று கேட்டீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். அப்படியானால் அடிக்கும்போது கையில் அதிர்வு தெரிகிறதே, அது என்ன என்றீர்கள். கைக்கு அது தெரியும்போது பந்து போய்விட்டிருக்கும் என்று எழுதினேன். என்னைப் பைத்தியம் என்றீர்கள்.

ஜூலையில் பள்ளிக்கூட ஆய்வகத்தில் ஒரு சோதனை செய்தேன். பிரம்பின் நுனியில் இரும்புக் குண்டைக் கட்டி, மேல்முனையைக் கீலில் தொங்கவிட்டேன். அது ஆடிவந்து ஒரு ரப்பர் பந்தை அடிக்கும். பத்துத் தடவை சும்மா ஆடவிட்டேன். பத்துத் தடவை, அடிபடும் நேரத்தில் மேல்முனையைக் கையால் இறுக்கிப் பிடித்தேன். பந்து விழுந்த இடத்தில் விரற்கடைதான் வித்தியாசம். அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டேன். நாற்பது நொடி ஓடும் வீடியோ. அதில் தெரிந்தது என் வலது கை. நீங்கள் போட்ட மோதிரம் அந்தக் கையில் இருந்தது.

பயந்துகொண்டுதான் போட்டேன். கண்டுபிடித்துவிடுவீர்கள், சிரித்துக்கொண்டு கூப்பிடுவீர்கள், விளையாட்டு முடிந்துவிடும் என்று நினைத்தேன். நீங்கள் அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்தி, எந்த நொடியில் என்ன தப்பு என்று பதினொரு குறிப்பு எழுதியிருந்தீர்கள். கடைசியில், "அது யார் கை? சிவபாலன் வீட்டு வேலைக்காரியா?" என்று கேட்டிருந்தீர்கள்.

அதற்குப் பிறகு நீங்கள் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். "என் வீட்டில் ஒரு பிசிக்ஸ் டீச்சர் இருக்கிறாள். நோட்ஸைப் பார்த்து ஒப்பிக்கிற ரகம்தான். அவளிடம் இதைக் காட்டினேன். அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது." நீங்கள் எனக்கு எதையும் காட்டவில்லை. அன்று மாமியின் மாத்திரை பற்றி மட்டும் நான்கு நிமிடம் பேசினீர்கள்.

அத்தான், அதோடு நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. செப்டம்பரில் பெங்களூர்ப் பயிற்சியாளர் ஒருவர் கருவி வைத்து அளந்து பார்த்து, சிவபாலன் சொன்னதுதான் சரி என்று எழுதினார். ஜெயித்துவிட்டேன். ஆனாலும் எனக்குப் போதவில்லை. உங்களுக்கு எங்கே வலிக்கும் என்று அந்த எழுநூறு பேரில் எனக்கு மட்டும்தான் தெரியும். கப்பல் படிப்பில் சேர்ந்த முதல் வருடம் கூடப் படித்தவர்கள் உங்களைக் 'கருவாடு' என்று கூப்பிட்டதையும், நீங்கள் குளியலறையில் போய் அழுததையும் கல்யாணமான இரண்டாவது வாரம் என்னிடம்தான் சொன்னீர்கள். "வலை இழுத்த பரம்பரையின் கைக்குக் கோல்ஃப் மட்டை எதற்கு, சீஃப்?" என்று எழுதினேன். என் அப்பா நாற்பது வருடம் வலை இழுத்தவர். அவர் இழுத்த வலையில் படித்து டீச்சரான நான்தான் இதை எழுதினேன்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரியும். உங்கள் படத்தை எடுத்துத் தலையில் மீன் கூடை வைத்தார்கள். மட்டைக்குப் பதில் துடுப்பு வைத்தார்கள். முந்நூறு பேர் சிரித்தார்கள். ஒவ்வொன்றையும் நான் பார்த்தேன். முதல் நாள் நானும் சிரித்தேன். இரண்டாம் நாள் நீங்கள் கூப்பிட்டீர்கள். குரல் அடைத்திருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்லளா. கப்பல் ரொம்ப ஆடுது, தலைவலி" என்றீர்கள். தைலம் தேய்த்துப் படுங்கள், நான் ஜெபம் சொல்கிறேன் என்றேன். சொல்லவும் செய்தேன். போனை வைத்துவிட்டு, குழுவில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பார்த்தேன். இதற்கு நான் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை. உங்களிடம் கேட்கிறேன். இது ஒன்றுக்கு மட்டும்.

எட்டு நாள் கழித்து சிவபாலனுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினீர்கள். "நீங்கள் சொன்னது சரி. ஒர்க் ஷாப்பில் கம்பியை வைத்து நானே செய்து பார்த்தேன். நான் சொன்னது தப்பு. அந்த வலை வரியை மட்டும் எடுத்துவிடுங்கள். கப்பலில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள்." உடனே எடுத்துவிட்டேன். அன்றே உங்களைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று போனை எடுத்தேன். அதற்குமுன் சிவபாலனாக ஒரே ஒரு கேள்வி கேட்டேன். ஒரு ஆட்டத்துக்காக ஒரு மனுஷன் ஏன் இவ்வளவு ரத்தம் சிந்த வேண்டும் என்று கேட்டேன்.

நீங்கள் பதில் எழுதினீர்கள். யார் என்றே தெரியாத ஆளிடம் சொல்வது கோயிலில் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வது மாதிரி இருக்கிறது என்று தொடங்கியிருந்தீர்கள். அந்தச் செய்தி எனக்கு மனப்பாடம். இங்கே சுருக்கமாக எழுதுகிறேன்.

நம் ஜோவிட்டா ஆஸ்பத்திரியில் கிடந்த அன்று உங்கள் கப்பல், நீங்கள் எங்களிடம் சொன்னதுபோல், கொச்சியில் வெளிக்கடலில் நிற்கவில்லை. பழுது பார்க்கக் கரையில் ஏற்றியிருந்தார்கள். நீங்கள் இன்ஜின் ரூமிலும் இல்லை. கம்பெனி அதிகாரி கூப்பிட்டார் என்று கோல்ஃப் மைதானத்தில் இருந்தீர்கள். போன் லாக்கரில் இருந்தது.

இங்கே மதியம் பன்னிரண்டரை மணிக்கு டாக்டர், பிள்ளையைத் திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள், தட்டணுக்கள் இறங்குகின்றன என்றார். நான் ஜோவிட்டாவைத் தூக்கிவிட்டேன். மாமி கதவை மறித்து நின்றார்கள். "மவன்ட்ட கேக்காம பிள்ளைய எங்கயும் கொண்டுபோவாத" என்றார்கள். நான் அவர்களைத் தள்ளிக்கொண்டு போயிருக்க வேண்டும். போகவில்லை. உங்களைக் கூப்பிட்டேன். பதினேழு தடவை கூப்பிட்டேன். ஆறு மணிக்கு நீங்கள் திரும்பக் கூப்பிட்டு, கொண்டுபோ என்றீர்கள். ஜோவிட்டா மறுநாள் காலை ஏழு மணிக்கு இறந்துபோனாள்.

அந்த ஆறு மணிக்கு நீங்கள் கரையில்தான் இருந்தீர்கள். கார் பிடித்திருந்தால் அவள் கண் திறந்திருந்தபோதே வந்து சேர்ந்திருப்பீர்கள். அன்று அந்த அதிகாரியோடு சாப்பாடு இருந்தது. சீஃப் இன்ஜினியர் பதவி பற்றிப் பேச வேண்டியிருந்தது. "விடியட்டும், காய்ச்சல்தானே என்று நினைத்தேன்" என்று எழுதியிருந்தீர்கள். அடக்கத்துக்கு வந்து சேர்ந்ததும், படகு கிடைக்கவில்லை என்று சொன்னீர்கள். மாமியைக் கட்டிக்கொண்டு, "ஜெஸ்லின் ஆபீஸ் அவசர நம்பருக்குப் போட்டிருந்தா என்னைய உடனே கூப்பிட்டு விட்டுருப்பானுவம்மா" என்று அழுதீர்கள். ஊர் மொத்தமும் கேட்டது. நானும் கேட்டேன். அந்த அவசர நம்பர் எழுதிய அட்டை அப்போதும் என் கைப்பையில் இருந்தது. ஆறு வருடமாக அந்த அட்டையை எடுத்துப் பார்க்காமல் நான் ஒரு நாளும் தூங்கியதில்லை. இது உங்களுக்குத் தெரியாது.

சிவபாலன் உங்களுக்கு எழுதினான்: இதை உங்கள் மனைவியிடம் சொல்லிவிடுங்கள்.

நீங்கள் எழுதினீர்கள்: "சொன்னால் போய்விடுவாள். தன்னால்தான் பிள்ளை போனது என்று நினைக்கிறாள். அதனால்தான் இன்னும் என் வீட்டில் இருந்து என் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள்."

இதைப் படித்தபோது மாமியின் கால் என் மடியில் இருந்தது. கட்டைப் பாதி சுற்றியிருந்தேன். மீதியையும் சுற்றி முடித்தேன். அழுத்திவிட்டேன்போல. "ஏளா, வலிக்கி" என்றார்கள்.

அதற்குப் பிறகு மூன்று வாரம் ஆகிவிட்டது. சிவபாலனுக்கு நீங்கள் தினமும் எழுதுகிறீர்கள். அவனும் பதில் எழுதுகிறான். கல்யாணமான நாள் முதல் என்னிடம் இவ்வளவு பேசியதில்லை. உங்கள் அப்பா உங்களை அடித்தது, தண்ணீரைக் கண்டால் உங்களுக்கு இன்றும் பயம் என்பது, எல்லாம் அவனுக்குத்தான் தெரியும். நேற்றோடு அந்தக் கணக்கை மூடிவிட்டேன். இனி அவன் எழுத மாட்டான்.

மாமியிடம் நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல எத்தனையோ தடவை வாய் வரை வந்தது. செல்வராணி எழுந்து போன அன்றுகூட வந்தது. எழுபத்திரண்டு வயது, சர்க்கரை, விரல் எடுத்த கால். இதைத் தாங்குவார்களா என்று யோசித்தேன். நான் தாங்கினேனே என்றும் யோசித்தேன். இந்த இரண்டாவது யோசனை எனக்குப் பிடித்திருந்தது. அதனால்தான் நான் சொல்லக் கூடாது என்று முடிவு செய்தேன். நான் சொன்னால் அது அவர்களை அடிப்பதற்காகவே இருக்கும்.

நீங்கள் சொல்ல வேண்டும். போனில் வேண்டாம். பையைக் கீழே வைக்குமுன் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, கொச்சியில் எங்கே இருந்தீர்கள் என்று சொல்லுங்கள். அன்று கதவை மறித்தது அவர்கள்தான் என்பதை நீங்கள் சொல்ல வேண்டாம். அது அவர்களுக்குத் தெரியும். அதனால்தான் வருகிறவர்களிடம் எல்லாம் என்னைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் அழுவார்கள். மருந்துப் பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. நான் அடுத்த அறையில் இருப்பேன்.

நான் போய்விடுவேனா, இருப்பேனா என்று கேட்காதீர்கள். எனக்கே தெரியாது. என் சம்பளத்தில் என்னால் எங்கேயும் இருக்க முடியும். போனாலும் மாமியின் கால் ஆறிய பிறகுதான் போவேன்.

நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வழக்கம்போல உங்கள் பெரியம்மா வீட்டார் எல்லாரும் வருவார்கள். அதற்குமுன் மாமியிடம் சொல்லிவிடுங்கள், அத்தான். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். ஆறு வருடமாக அந்தப் பிள்ளை முன்னால் முழங்கால் போட்டு மன்னிப்பு மட்டும்தான் கேட்டிருக்கிறேன். இந்த வருடமாவது அவளுக்காக அழ வேண்டும்.

கடல் அமைதியாக இருக்கட்டும். மாதா உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
ஜோவிட்டாவின் அம்மா,
ஜெஸ்லின்.